தங்கச்சி அழவில்லை என்கிறது ஊர். நான் என்ன செய்ய?

கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். என் தங்கச்சியின் மகள், நாலு வயது, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் காணாமல் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. மாப்பிள்ளை பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார், அன்றைக்கு ஊரில் இல்லை. முதல் நாள் ஸ்டேஷனில் ரசீது மட்டும் கொடுத்தார்கள், மூன்றாம் நாள்தான் எப்.ஐ.ஆர். போட்டார்கள். இரண்டு கிணறுகளில் இறங்கித் தேடிவிட்டோம்.

இப்போது ஊரே தங்கச்சியைத்தான் சொல்கிறது. டிவி கேமரா முன்னால் அவள் அழவில்லையாம். ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும் சாப்பிட்டாளாம். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளே ஏதோ செய்துவிட்டாள் என்கிறார்கள். அமாவாசைக்கு முந்தின நாள் காணாமல் போனதால் நரபலி என்று ஒரு யூடியூப்காரர் வீடியோ போட்டுவிட்டார். தங்கச்சியின் மூத்த பெண்ணை, எட்டு வயது, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, 'அம்மா பாப்பாவை அடிப்பாங்களா?' என்று கேட்டு அதையும் போட்டிருக்கிறார். ஒரு டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே போய் அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாமா? யூடியூப்காரர் மேல் கேஸ் போட முடியுமா? எங்கள் ஊர்ப் பையன்களும் சும்மா இல்லை. கம்பளி விற்க வந்த வடக்கத்தி ஆள் ஒருவனைப் பிடித்து நாலு தட்டு தட்டி விசாரித்தார்கள்.

கடைசியாக ஒன்று. ராத்திரியில் எனக்கே அவள் மேல் சந்தேகம் வருகிறது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

(கடிதம் எழுதியவரின் பெயரையும் அடையாளம் தெரியும் விவரங்களையும் நான் எடுத்துவிட்டேன்.)

பதில்:

தம்பி, நீங்கள் கேட்டதற்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் இல்லை. கடைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் இருக்கிற சிசிடிவியில் பழைய பதிவு தானாக அழிந்து அதன்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் பதினைந்து நாள் இருக்கும், சில இடங்களில் ஒரு மாதம் இருக்கும். நீங்கள் பத்தொன்பதாம் நாளில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் டீ இருக்கிறது, பன் இருக்கிறது, அமாவாசை இருக்கிறது. குழந்தை காணாமல் போன நேரத்தில் அந்தச் சாலையில் எந்த வண்டி போனது என்பது இல்லை. எந்தெந்தக் கேமராப் பதிவை வாங்கினார்கள் என்று நீங்கள் யாரும் ஸ்டேஷனில் கேட்டதாகவும் தெரியவில்லை.

நாளைக் காலையில் முதல் வேலையாக ஒரு மனு எழுதுங்கள். உங்கள் ஊரிலிருந்து மெயின் ரோடு வரைக்கும், அங்கிருந்து பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு, ராயக்கோட்டை போகிற வழி, தருமபுரிப் பக்கம் என்று கேமரா இருக்கிற இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அன்றைய பதிவைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் கொடுங்கள். கடைக்காரர்களிடம் நீங்களே நேரில் போய், 'போலீஸ் வரும் வரைக்கும் அன்றைக்குப் பதிவானதை அழிய விடாமல் எடுத்து வையுங்கள் அண்ணே' என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கிணறு பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனசு கேட்காது, ஆனாலும் சொல்கிறேன். நாலு வயதுக் குழந்தை விளையாட்டாக நடந்து போகக்கூடிய தூரத்தில் தண்ணீர் இல்லாத பாழுங்கிணறு, பண்ணைக்குட்டை, மூடாத ஆழ்துளைக் கிணறு எதுவும் விடுபடக் கூடாது. ஊர்ப் பையன்கள் கயிறு கட்டி இறங்கிப் பார்த்ததை வைத்து முடித்துக்கொள்ளாதீர்கள். தீயணைப்புத் துறையை வரவழைத்துத் தேடச் சொல்லி அதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.

போலீஸ் தரப்பில் உங்களுக்கு உள்ள உரிமை இதுதான். 2013ஆம் ஆண்டு மே 10 அன்று 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தலாகவோ ஆள்கடத்தலாகவோ இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு எப்.ஐ.ஆர். பதிய வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தருகிற வெறும் சி.எஸ்.ஆர். ரசீது போதாது. இரண்டு நாள் வீணானது உண்மை. அந்தக் கோபத்தை இப்போது காட்ட வேண்டாம், அந்த அதிகாரி உங்களுக்குத் தேவை. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் விசாரணை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும் என்பது விதி. அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். விசாரணை அசையவே இல்லை என்று தோன்றினால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வழியும் இருக்கிறது.

சரி, இப்போது மூத்த பெண்ணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். எட்டு வயதுப் பிள்ளை. தங்கச்சிப் பாப்பா இல்லாத வீட்டிலிருந்து கிளம்பிப் பள்ளிக்கூடம் போகிறாள். வாசலில் ஒருவர் மைக்கை நீட்டி, உன் அம்மா அடிப்பாளா என்கிறார். அடிக்காத அம்மா எந்த ஊரில் இருக்கிறாள்? அந்தப் பிள்ளை ஆமாம் என்று தலையாட்டியிருந்தாலும் அது சாட்சி ஆகாது. ஆனால் தன் பேச்சால்தான் அம்மாவை எல்லாரும் ஏசுகிறார்கள் என்று அவள் நினைக்க ஆரம்பித்தால், அதை அவள் மனதிலிருந்து எடுக்க வருஷங்கள் ஆகும்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் உங்கள் கேள்விக்குப் பதில், கேஸ் போட முடியும் என்பதுதான். தங்கச்சியின் மானம் பற்றிய வழக்கைவிட இது பலமானது, வேகமானதும்கூட. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் குழந்தைகள் நலக் குழுவிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து, வீட்டு ஆள் தவிர யாரிடமும் பிள்ளையை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வீடியோ அழிக்கப்படுவதற்கு முன்னால் அதன் இணைப்பு, சேனல் பெயர், தேதி எல்லாம் திரையில் தெரிகிற மாதிரி பதிவு செய்து வையுங்கள். எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள், நீதிமன்றத்தில் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

அவதூறு வழக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எங்கேயும் போகாது. இப்போது அதற்காக நீங்கள் கோர்ட் படி ஏறி இறங்கினால் குழந்தையைத் தேட ஆள் இருக்காது.

தங்கச்சி அழவில்லை என்பதை எடுத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று ஆஸ்திரேலியாவில் உலுரு பாறைக்கு அருகே கூடாரம் போட்டிருந்த ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை அசாரியா காணாமல் போனாள். ஒன்பது வாரக் குழந்தை. டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிக்கொண்டு போனது என்று தாய் லிண்டி சேம்பர்லின் அன்றிரவே சொன்னார். டிவியில் அவர் நிதானமாகப் பேசினார். அழாத தாயா என்று நாடே கேட்டது. குழந்தையின் பெயருக்கு வனாந்தரத்தில் பலி என்று பொருள் என ஒரு புரளி கிளம்பியது. குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டுவிட்டிருந்தார் என்பதுகூட நரபலிக்கு ஆதாரமாகப் பேசப்பட்டது. அமாவாசைக் கதை உங்கள் ஊரில் மட்டும் கட்டப்படுவதில்லை, தம்பி.

காரில் குழந்தையின் ரத்தம் இருந்தது என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1982இல் அவருக்கு ஆயுள் தண்டனை. 1986இல் அந்தப் பாறை அடிவாரத்தில், காட்டுநாய்கள் திரியும் இடத்தில், குழந்தையின் மேற்சட்டை கிடைத்தது. சிறையிலிருந்து விட்டார்கள். ரத்தம் என்று சொன்னதில் பெரும்பகுதி, கார் தயாரிக்கும்போது சத்தம் குறைவதற்காகத் தெளிக்கிற பூச்சு என்று பிறகு தெரிந்தது. 1988இல் தண்டனை ரத்தானது. காட்டுநாய்தான் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி 2012இல்தான் எழுதிக் கொடுத்தார். 32 வருஷம்.

துக்கம் எல்லாருக்கும் கண்ணீராக வராது. சிலர் மரத்துப் போவார்கள். சிலர் வீட்டுவேலையை விடாமல் செய்துகொண்டே இருப்பார்கள். இழவு வீட்டிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒப்பாரி வைத்தவர் நாலு நாளில் தேறிவிடுவார், ஓரமாக உட்கார்ந்திருந்தவர் ஆறு மாதம் கழித்து உடைவார். அழுதிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? நடிக்கிறாள் என்று சொல்லியிருப்பார்கள். ஐந்து நாள் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலைந்த பெண் ஒரு டீ குடித்ததில் விசாரிக்க ஒன்றுமில்லை.

பெண் குழந்தை என்பதால் வருகிற சந்தேகம் கொஞ்சம் வேறு. அதை நான் தட்டிவிட மாட்டேன். நம் மாவட்டத்துக்குப் பெண் சிசுக்கொலை என்ற பழைய பழி உண்டு. வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசு ஏற்றுக்கொள்ள 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கொடுமை நடந்தது பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள், மாமியாரும் புருஷனும் ஊரும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில். இந்தப் பிள்ளையை அவள் நாலு வருஷம் வளர்த்திருக்கிறாள். அங்கன்வாடிக்கு அனுப்பியிருப்பாள், தடுப்பூசி போட்டிருப்பாள். பழைய பழியை எடுத்து இன்றைக்கு ஒருத்தி தலையில் வைப்பதற்கு ஆதாரம் என்று பெயர் கிடையாது.

அதே சமயம், போலீஸ் அவளை விசாரிப்பதைக் குறை சொல்லாதீர்கள். உலகம் முழுக்கக் காணாமல் போன குழந்தையின் வழக்கை வீட்டிலிருந்துதான் விசாரிக்க ஆரம்பிப்பார்கள், அதுதான் முறை. அவள் ஒத்துழைக்கட்டும். ஆனால் பெண்ணை அவள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற இப்போதைய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 179ஆவது பிரிவு. நீங்கள் கூடவே இருங்கள். உண்மை கண்டறியும் சோதனைக்குத் தயாரா என்று டிவிக்காரர்கள் சவால் விடுவார்கள். சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனை செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. வக்கீலைக் கேட்காமல் எந்தத் தாளிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டாம்.

டிவி நிகழ்ச்சிக்குப் போகலாமா என்றால், போகாதீர்கள். அவள் மேல் தப்பில்லை என்று நீங்கள் ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து பேச்சு அவளைப் பற்றியதாகிவிடும். எதிரில் ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். அவர் கேட்பதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள், அந்தப் பத்து நொடியை வெட்டி நாள் முழுக்கப் போடுவார்கள். பாப்பாவின் முகம் மூலையில் சின்னதாக இருக்கும். போர்ச்சுகலில் 2007இல் காணாமல் போன பிரிட்டிஷ் சிறுமி மேடலின் மெக்கேன் வழக்கில், பெற்றோரைக் குற்றவாளிபோல் எழுதிய பிரிட்டிஷ் பத்திரிகைகள் மறுவருஷம் ஐந்தரை லட்சம் பவுண்டு கொடுத்து முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டன. பணம் வந்தது, மன்னிப்பும் வந்தது. குழந்தை இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் ஊடகமே வேண்டாம் என்று கதவைச் சாத்தவும் கூடாது. பத்திரிகையும் டிவியும் பாப்பாவின் முகத்தைப் பத்து ஊர்களுக்குக் கொண்டு போகும், அது நமக்கு வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், அது நீங்களாகவே இருக்கட்டும். தாய்மாமன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு தாளில் எழுதி வைத்து அதை மட்டும் படியுங்கள்: எப்போது, எங்கே, என்ன நிற உடை, காலில் செருப்பு இருந்ததா, உடம்பில் மச்சம், என்ன பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் எழுந்துவிடுங்கள். தங்கச்சியைப் பற்றிக் கேட்டால், 'அது போலீஸ் விசாரணையில் இருக்கிறது, நான் பாப்பாவைப் பற்றிப் பேச வந்தேன்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

நோட்டீஸ் அடிக்கும்போது கன்னடத்திலும் தெலுங்கிலும் அடியுங்கள். நாம் இருக்கிற இடம் அப்படி. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம், கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் குப்பம். தமிழ் மட்டுமே தெரிந்த நாலு வயதுப் பிள்ளை அங்கே யாரிடம் இருந்தாலும், பார்ப்பவருக்குப் படிக்கத் தெரிய வேண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட், ஓசூர் பஸ் ஸ்டாண்டு, அத்திப்பள்ளி, பெங்களூர் மெஜஸ்டிக் ஆகிய இடங்களில் மாப்பிள்ளையின் கூட்டாளிகளை வைத்து ஒட்டலாம்.

நோட்டீஸில் தேதியும் எப்.ஐ.ஆர். எண்ணும் ஸ்டேஷன் நம்பரும் கட்டாயம் இருக்கட்டும். இதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். அரூர் பக்கத்துப் பையன் ஒருவன், மொரப்பூரில் ரயிலேறிப் போய்விட்டவன், சில நாளிலேயே பத்திரமாகக் கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் படம் போட்ட வாட்ஸ்அப் செய்தியில் தேதி இல்லை. அவன் வந்து வெகுநாள் ஆன பிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் டியூஷன் போகிற வழியில் கண்டக்டர் அவனை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துப் பஸ்ஸைவிட்டு இறக்கி, கூட்டம் கூடி, அவன் எத்தனையோ சொல்லியும் விடாமல் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். கண்டக்டர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதற்கப்புறம் அந்தப் பையன் பஸ் ஏறவே மாட்டேன் என்றான். உங்கள் பாப்பா கிடைத்த அன்றே, 'கிடைத்துவிட்டாள், படத்தை அழித்துவிடுங்கள்' என்று அதே குரூப்களில் நீங்கள் போட வேண்டும்.

கம்பளி விற்க வந்தவரைப் பற்றி நீங்கள் எழுதிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. நாலு தட்டு என்று லேசாக எழுதிவிட்டீர்கள். 2018ஆம் ஆண்டு மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடி அடித்தது. 65 வயது மூதாட்டி செத்துப்போனார். அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படத்தை வெட்டியது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, மொழியையோ பிறந்த ஊரையோ காரணமாக வைத்து ஒருவரை அடித்துக் கொன்றால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆயுள் தண்டனை அல்லது தூக்கு. சட்டத்தை விடுங்கள், அந்த மனிதர் தன் ஊருக்கு உயிரோடு திரும்ப வேண்டும். இன்னொன்றும் யோசியுங்கள். ஊர் ஊராகத் தெருத்தெருவாக நடப்பவர் அவர். அன்றைக்கு அவர் எதையாவது பார்த்திருக்கலாம். அடி வாங்கியவர் இனி வாய் திறப்பாரா? பையன்களைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் 112க்குப் போன் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கை வைக்கக் கூடாது என்று. பிள்ளையின் மாமன் சொன்னால் கேட்பார்கள். வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, ராத்திரியில் வருகிற சந்தேகம். இதை எழுத உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. சந்தேகம் வந்ததால் நீங்கள் கெட்ட அண்ணன் ஆகிவிடவில்லை. பத்தொன்பது நாளாக ஊர் ஒரே பேச்சைப் பேசினால் அது யாருக்குள்ளும் இறங்கும்.

ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பகலில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்களே கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது எது, மற்றவர் சொல்லி வந்தது எது என்று பிரித்து எழுதுங்கள். மற்றவர் சொன்னதை அடித்துவிடுங்கள். மீதி ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள், அவளுக்கு உங்களைவிட்டால் ஆள் இல்லை. மீதி ஏதாவது இருந்தால், ஒரு நேரக் கணக்கு ஒத்துவரவில்லை, ஒரு போன் அழைப்பை அவள் மறைத்தாள், வீட்டுக்கு வந்துபோன ஒரு ஆளைப் பற்றிச் சொல்லவில்லை என்று எதுவாக இருந்தாலும், அதை விசாரணை அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள். அம்மாவிடமோ பங்காளிகளிடமோ நண்பனிடமோ வேண்டாம். அப்படிச் சொல்வது தங்கச்சியைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. அவளே பயந்து மறைத்த சின்ன விஷயத்தில்கூடப் பாப்பாவுக்கான தடம் இருக்கலாம்.

வக்கீல் செலவுக்குக் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள். எப்.ஐ.ஆர். நகல், முதல் நாள் கொடுத்த ரசீது, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அண்மையில் எடுத்த படம், அந்த வீடியோ பதிவு உள்ள போன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். போகிற வழியில் சிசிடிவி மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.